பாலைவனத்தில் ஒரு பகல், கூடாரத்தில் இரண்டு இரவு

"பெரியம்மா, நாங்கள் கூடாரத்திலதான் படுக்கப் போறம்!"

தங்கையின் இளைய மகள் துள்ளிக்கொண்டு வந்து இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது.

கூடாரம் என்ற சொல்லுக்கு இந்த இதழை வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கு விளக்கம் தேவையில்லை. 2009ஆம் ஆண்டில் முகாமொன்றில் பதினான்கு மாதங்கள் தறப்பாளின் கீழ் இருந்தவள் நான். பகலில் உள்ளே அடுப்புப்போலக் கொதிக்கும். மழை பெய்தால் பாய்க்குக் கீழே தண்ணீர் ஓடும். இரவில் காற்றடித்தால் தறப்பாள் படபடக்கும் சத்தத்துக்கு என் மகன் திடுக்கிட்டு எழும்பிக் குளறுவான். அப்போது அவனுக்கு ஆறு வயது. காசு கொடுத்துக் கூடாரம் வாங்கி, விடுமுறைக்கு அதில் போய்ப் படுத்து மகிழ்கிறவர்களும் இந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

2019ஆம் ஆண்டு தங்கை பயணச்சீட்டு அனுப்பி என்னை அமெரிக்காவுக்கு அழைத்திருந்தாள். இருபத்து நான்கு வருடங்களுக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். கலிபோர்னியா மாநிலத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கிட்ட அவர்களின் வீடு. நவம்பர் மாதத்தில் மூன்று நாள் விடுமுறை வந்தது. வானில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, பாலைவனம் பார்க்கப் போவதென்று முடிவாயிற்று.

"அக்கா, உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நாங்கள் ஹோட்டலில நிற்பம்" என்று தங்கை தனியே வந்து கேட்டாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். "பரவாயில்லை, வாறன்" என்றேன்.

முதல் இரவு

முதல்நாள் பின்னேரம் லோன் பைன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்தோம். ஒருபக்கம் சியரா நெவாடா மலைத்தொடர். அதில் 4,421 மீற்றர் உயரமான விற்னி மலை, அலாஸ்காவை விட்டால் அமெரிக்காவின் ஆக உயர்ந்த சிகரம், மொட்டைக் கல்லாய் நிமிர்ந்து நின்றது. நாங்கள் நின்ற இடத்தில் உருண்டைப் பாறைகளும் காய்ந்த பற்றைகளும்தான். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. குளிர் பல்லைக் கிட்டியது.

தங்கையின் கணவர் சின்னக் காஸ் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்தார். பாணும் ரின்மீன் கறியும் இரவுச் சாப்பாடு. "நிவாரணச் சாப்பாடு" என்று என் வாயில் வந்தது. அவர்களுக்கு அது பகிடியாகப்பட்டது. எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நித்திரை வரவில்லை. நடுச்சாமத்தில் காற்று எழும்பியது. கூடாரத் துணி படபடத்தது. நான் எழும்பி இருந்து, பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைகளின் கால்களைத் தடவிப் பார்த்தேன். பிறகு கூடாரத்தின் வாயில் சிப்பை நான்கு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டு விடியும்வரை வெளியே பார்த்தபடி இருந்தேன். வாசல் திறந்திருந்தால்தான் மூச்சு வந்தது.

அப்பிள் தோட்டம் என்ற பெயருடைய முகாம்

காலையில் தங்கையின் கணவர், "வழியில ஒரு இடம் இருக்கு. உங்களுக்குக் காட்டலாமோ எண்டு யோசிக்கிறன்" என்றார். லோன் பைனிலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீற்றர் அளவில் பெருந்தெருவோரமாக ஒரு காவற்கோபுரம் தெரிந்தது. அதைக் கண்டதும் என் கைகள் தாமாகவே மடியில் இறுகின.

அந்த இடத்தின் பெயர் மன்சனார். ஸ்பானிய மொழியில் அப்பிள் தோட்டம் என்று பொருள். முன்பு அங்கே பழத்தோட்டங்கள் இருந்தன. அதற்கும் முன்னர் அது பையூற் என்ற ஆதிக்குடிகளின் நிலம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் அமெரிக்காவைத் தாக்கிய பின்னர், 1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு கட்டளையில் ஒப்பமிட்டார். அதன்படி அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, தோட்டம், படகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போகவேண்டியதாயிற்று. ஏறத்தாழ 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுபோகலாம். இப்படிப் பத்து முகாம்கள் இருந்தன. மன்சனாரில் ஒரு காலத்தில் 10,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

முட்கம்பி வேலி. எட்டுக் காவற்கோபுரங்கள். பலகையடித்து, அதன்மேல் தார் பூசிய கடதாசி ஒட்டிய நீளமான கொட்டில்கள். இருபது அடிக்கு இருபத்தைந்து அடி அறையொன்றில் எட்டுப் பேர் வரையில். வைக்கோல் அடைத்த மெத்தை. பலகை இடுக்குகளால் பாலைவனத்துப் புழுதி உள்ளே வரும். சாப்பாட்டுக்கு வரிசை. இவற்றையெல்லாம் வாசித்துச் சொல்லும்போது தங்கையின் கணவர் இடைக்கிடை என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

பெண்களின் மலசலகூடத்தைப் பழையபடி திருத்திக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனேன். மலசலக் குந்துகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு மறைப்பும் இல்லை. சில பெண்கள் மட்டைப் பெட்டியைக் கொண்டுபோய்த் தங்களைச் சுற்றி மறைப்பாக வைத்துக்கொண்டார்களாம். எங்கள் முகாமில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து, ஒரு பழைய சீலையை ஆளுக்கு ஆள் மாறிப் பிடித்துக்கொண்டு நின்று குளித்தோம். அந்தச் சீலையின் நிறம் ஊதா. அதை நான் இவ்வளவு காலமும் யாருக்கும் சொன்னதில்லை. அந்த வெற்றுக் கட்டடத்துக்குள் நின்று தங்கைக்குச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வருடங்களாக அவள் கேட்கப் பயந்தாள். சொல்ல நானும் பயந்தேன்.

அங்கே என் மனதை ஆற்றிய காட்சியும் ஒன்று இருந்தது. முகாமில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் இடத்தில் கல்லை அடுக்கி, சின்னக் குளம் வெட்டி, பூந்தோட்டம் போட்டிருக்கிறார்கள். கைவிடப்பட்டுக் கிடந்த அப்பிள் மரங்களையும் பெயார்ஸ் மரங்களையும் பராமரித்துக் காய்க்க வைத்திருக்கிறார்கள். முகாம் 1945 நவம்பரில் மூடப்பட்டது. கொட்டில்கள் கழற்றி விற்கப்பட்டன. கற்கள் மட்டும் மணலுக்குள் மூடுண்டு கிடந்தன. பின்னர் அவற்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். எங்கள் கிடுகுக் கொட்டில் வாசலிலும் நான் தக்காளிக் கன்று நட்டிருந்தேன். இரண்டு காய் காய்த்தது.

பேசாமலிருந்தவர்கள் பேசியபோது

முகாமை விட்டு வெளியே வந்த ஜப்பானிய அமெரிக்கர்களில் பலர் அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லையாம். வெட்கம். பயம். பழையதை ஏன் கிளறுவான் என்ற எண்ணம். இரண்டு மதகுருமார் மாத்திரம் வருடந்தோறும் அங்குள்ள மயானத்துக்கு வந்து இறந்தவர்களுக்காக வழிபட்டு வந்தார்கள். 1969ஆம் ஆண்டு டிசம்பர்க் குளிரில் ஒரு கூட்டம் அங்கே யாத்திரையாக வந்தது. அதில் சூ குனிற்றோமி எம்பிறி என்ற பெண்ணும் இருந்தார். இளம் வயதில் அதே முகாமில் அடைபட்டிருந்தவர். அங்கே வெளியான பத்திரிகையில் வேலை செய்தவர். பின்னர் ஆசிரியையாக இருந்தவர். பழையதைப் பேசுவதைத் தன் சமூகத்திலேயே பலர் விரும்பாதபோதும் அவர் விடவில்லை. வருடந்தோறும் யாத்திரையை ஒழுங்கு செய்தார். அந்த இடத்தை அழியவிடாமல் காக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

1988இல் அமெரிக்க அரசாங்கம் சட்டத்தின் மூலம் மன்னிப்புக் கேட்டு, அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடு அளித்தது. 1992இல் மன்சனார் தேசிய வரலாற்று இடமாக அறிவிக்கப்பட்டது. எம்பிறி அம்மையார் 2006இல் காலமானார். யாத்திரை இப்போதும் ஏப்ரல் மாதத்தில் நடக்கிறது.

உள்ளே ஒரு பெரிய சீலை தொங்குகிறது. அதில் 10,000இற்கும் மேற்பட்ட பெயர்கள். அங்கிருந்தவர்களின் பெயர்கள். ஒரு வயோதிப மாது தன் பேரப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்து ஒரு பெயரைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் வெகுநேரம் நின்றேன்.

பாலைவனத்துக்குள்

பிறகு கிழக்கே திரும்பினோம். எரிபொருள் நிரப்பினோம். பாலைவனத்தில் ஓராளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் தண்ணீராவது வேண்டும் என்று சொல்வார்கள். நாங்கள் ஐந்து பேர். முப்பது லீற்றர் ஏற்றினோம். "தண்ணி காணுமோ?" என்று மூன்று தரம் கேட்டவள் நான்தான்.

தெரு மலையில் ஏறி, பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஏறி, பின்னர் இறங்கிக்கொண்டே போனது. காது அடைத்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வீடில்லை, மரமில்லை. மலைகள் மட்டும் மஞ்சள், கபிலம், செம்மை, இளம்பச்சை என்று பட்டை பட்டையாக நிறம் மாறின. இதுதான் மரணப் பள்ளத்தாக்கு. 1849இல் தங்கம் தேடிப் புறப்பட்ட ஒரு கூட்டம் இங்கே வழி தவறித் தத்தளித்ததால் வந்த பெயர். 1913 ஜூலை 10ஆம் திகதி இங்கே பதிவான 56.7 பாகை செல்சியஸ்தான் உலகில் பதிவாகிய ஆகக்கூடிய வெப்பநிலையாக இன்றும் கணக்கில் இருக்கிறது. வருடத்துக்குச் சராசரியாக அறுபது மில்லிமீற்றர் மழைகூட இல்லை. எங்கள் பக்கத்தில் மாரியில் ஒரே நாளில் அவ்வளவு பெய்துவிடும். நவம்பர் என்பதால் எங்களுக்கு வெயில் தாங்கக்கூடியதாக இருந்தது.

மணற்குன்றுகளுக்கு அருகில் வானை நிறுத்திச் சாப்பிட்டோம். பிள்ளைகள் வெறுங்காலுடன் மணலில் உருண்டார்கள். ஓரத்தில் உடைமரம்போல முள்ளுள்ள சில மரங்கள் நின்றன. மெஸ்கீற் என்று பெயர். "இந்த இடத்தில ஆர் இருப்பினம்? ஒருத்தரும் இருக்கேலாது" என்று நான் சொன்னேன். அது எவ்வளவு பிழை என்பது ஒரு மணித்தியாலத்தில் தெரிந்தது.

தண்ணீர் பாய்ச்சிக் கரைத்த வீடுகள்

பள்ளத்தாக்கின் நடுவில் பேர்னஸ் கிறீக் என்ற இடம், கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. அங்கே ஊற்று இருக்கிறது, பேரீச்சை மரங்கள் இருக்கின்றன, பயணிகளுக்கு விடுதியும் தகவல் நிலையமும் இருக்கின்றன. தகவல் நிலையத்தில்தான் ரிம்பிஷா ஷொஷோனி மக்களைப் பற்றி அறிந்தோம். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பள்ளத்தாக்கிலேயே வாழ்பவர்கள். ரிம்பிஷா என்பது அவர்கள் முகத்தில் பூசும் செங்காவியைக் குறிக்கும் பெயர். தங்கள் தாய்நிலத்துக்கு யாரோ வைத்த மரணம் என்ற பெயரை அவர்கள் விரும்புவதில்லை.

நான் பார்த்த அந்த முள்மரங்களின் நெற்றைப் பெண்கள் இடித்து மாவாக்குவார்கள். மலையில் பைன் விதை பொறுக்குவார்கள். மணல் மூடாமல், பட்ட கொப்புகளை வெட்டி அந்த மரங்களைப் பராமரிப்பார்கள். வில்லோ நாரால் அவர்கள் பின்னும் கூடைகள் பேர்பெற்றவை. கோடையில் வெக்கை கூடும்போது குடும்பத்தோடு மலைக்குப் போய், குளிர் தொடங்கத் திரும்பி வருவார்கள். ஒருவரும் இருக்கேலாது என்று நான் சொன்ன இடம் அவர்களுக்குச் சோறு போட்ட வயல்.

1933இல் அரசாங்கம் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. அங்கே இருந்த மக்களிடம் கேட்கவில்லை. 1936இல் அவர்களுக்கு நாற்பது ஏக்கர் காட்டி, அதில் மண்கல் வீடுகள் கட்டப்பட்டன. சொந்த நிலத்தில் ஒரு குடியேற்றத் திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் 1950களின் இறுதியிலிருந்து, ஆள் இல்லாத வீடுகளை அகற்றுவதென்று முடிவாயிற்று. மக்கள் வழக்கம்போல வெக்கைக்கு மலைக்குப் போயிருந்த வேளைகளில், குழாயால் தண்ணீர் பாய்ச்சி மண்வீடுகளைக் கரைத்தார்கள்.

இதைக் கேட்டபோது நான் அங்கிருந்த வாங்கில் இருந்துவிட்டேன். எங்கள் ஊருக்கு நாங்கள் திரும்பியபோது எனது வீட்டில் மிஞ்சியிருந்தது அத்திவாரமும் கிணறும் ஒரு முருங்கையும்தான். ஷெல் விழுந்து உடைந்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். தண்ணீர் கிடைக்காத பாலைவனத்தில், தண்ணீரைக் கொண்டே வீட்டை அழித்த கதையை அன்றுதான் கேட்டேன்.

ஆனாலும் சில குடும்பங்கள் அசையவில்லை. ஆட்கள் இருந்தால் வீட்டைக் கரைக்க முடியாது என்று தெரிந்துகொண்டு அங்கேயே கிடந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர்களில் முன்னுக்கு நின்றவர் போலின் எஸ்ரீவ்ஸ் என்ற மூதாட்டி. பேர்னஸ் கிறீக்கிலேயே பிறந்தவர். 1983இல் அந்த மக்கள் ஒரு தனி இனக்குழுவாக அரசாங்கத்தால் அங்கீகரிக்கப்பட்டார்கள். அதன் பிறகும் நிலம் கிடைக்கவில்லை. பேச்சுவார்த்தை, முறிவு, ஆர்ப்பாட்டம், மறுபடி பேச்சுவார்த்தை. கடைசியில் 2000ஆம் ஆண்டு நவம்பரில் சட்டம் நிறைவேறியது. ஏறத்தாழ 7,700 ஏக்கர் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதில் பேர்னஸ் கிறீக்கில் மட்டும் 314 ஏக்கர். பழைய நிலத்தோடு பார்த்தால் அது ஒரு துண்டுதான். ஆனால் 1933இலிருந்து எண்ணினால் அறுபத்தேழு வருடங்கள் காத்திருந்து வாங்கிய துண்டு.

தெருவிலிருந்து பார்த்தால் அவர்களின் ஊர் தெரிகிறது. சில வீடுகள், வாகனங்கள், முள்மரங்கள். "உள்ளே போய்ப் பார்ப்பமோ?" என்று மருமகள் கேட்டாள். "வேண்டாம் பிள்ளை, அது சனம் இருக்கிற ஊர்" என்றேன். எங்கள் முகாம் வேலிக்கு வெளியே வாகனத்தை நிறுத்தி எங்களைப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களை நான் மறக்கவில்லை. வானில் இருந்தபடியே மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடந்தோம்.

உப்புவெளியும் இரண்டாம் இரவும்

பொழுது சாயும் நேரத்தில் பாட்வோற்றர் என்ற உப்புவெளிக்குப் போனோம். கடல் மட்டத்திலிருந்து 86 மீற்றர் கீழே, வட அமெரிக்காவின் ஆகத் தாழ்ந்த இடம். காலையில் ஆக உயர்ந்த மலையைப் பார்த்த கண்ணால் மாலையில் ஆகத் தாழ்ந்த நிலத்தைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று உப்பு, ஆனையிறவு உப்பளத்தைக் கொண்டுவந்து விரித்துவிட்டதுபோல. உப்புப் பொருக்கு காலடியில் நொறுங்கியது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள்.

அன்றிரவு பேர்னஸ் கிறீக்கில் கூடாரம் அடித்தோம். இந்தமுறை நான் சும்மா நிற்கவில்லை. முளை அறைவது எப்படி, கயிறு இழுத்துக் கட்டுவது எப்படி என்று பிள்ளைகளுக்கு நான்தான் காட்டிக் கொடுத்தேன். "பெரியம்மாவுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று மூத்தவன் கேட்டான். இவ்வளவு நாளும் அவர்களுக்குச் சொல்லாத கதையை, தேநீர் குடித்தபடி, பயப்படுத்தாமல், அவர்களுக்கு விளங்கும் அளவுக்குச் சொன்னேன். தக்காளிக் கன்றையும் சொன்னேன். பௌர்ணமிக்கு இரண்டு நாளே இருந்தது. மலையெல்லாம் நிலா வெளிச்சம். சிப்பை நானே இழுத்து மூடிவிட்டுப் படுத்தேன். விடியத்தான் எழும்பினேன்.

சகோதரிகளே,

அந்தக் கூடாரத்தைச் சுருட்டி வானில் வைத்துவிட்டு எங்களால் வீட்டுக்குப் போக முடிந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அன்றைக்கு எங்களுக்கு அப்படிப் போக வீடு இருக்கவில்லை. இன்றைக்கும் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் உறவினர் வளவில் கொட்டில் போட்டிருக்கும் பெண்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டில் கேப்பாப்புலவுப் பெண்கள் தங்கள் காணிக்காக இரவு பகலாக வீதியோரத்தில் இருந்ததை நாங்கள் எல்லோரும் அறிவோம். அறுபத்தேழு வருடக் கதையைச் சொல்லி அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்ல நான் வரவில்லை. அவ்வளவு காலம் யாரும் காத்திருக்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டு இடங்களிலும், விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இருந்தபடியால்தான் ஏதாவது நடந்தது.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். எங்கள் ஒழுங்கையில் யுத்தத்துக்கு முன்னர் எந்தெந்த வீடு இருந்தது, யார் யார் இருந்தார்கள், எல்லை எது, கிணறு எந்தப் பக்கம், என்ன மரம் நின்றது என்று எழுதத் தொடங்கினேன். உறுதி தொலைந்தவர்களின் பழைய மின்சாரப் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றின் பிரதிகளையும் ஒரு கோவையில் சேர்த்து வைக்கிறோம். முதலில் நான் மட்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தையில் ஏழு பெண்கள் கூடுகிறோம். ஒருத்தி மறந்ததை மற்றவள் சொல்லுவாள். சில நாள் அழுகை, சில நாள் சிரிப்பு. இதுவரை முப்பத்தொரு வீடு எழுதியாயிற்று. நீங்களும் உங்கள் ஒழுங்கைக்கு ஒரு கொப்பி வாங்குங்கள். அந்த ஊதாச் சீலையைப் பிடித்து நின்ற மற்ற மூன்று பேரில் ஒருத்தி இப்போது எங்களோடு இருக்கிறாள். அந்த நாளைப் பற்றி எழுதியதும் அவள்தான்.